பறவைகளில் புற்றுநோய் மரபணுக்களின் பரிணாமம்

புற்றுநோயைப் பற்றி மனிதன் இன்று அறிந்துள்ள அடிப்படை உண்மைகளுள் பலவும் கோழியின் உடலிலிருந்தே முதன்முதலாகப் பெறப்பட்டவை. இது பலருக்கு வியப்பளிக்கலாம். முட்டைக்கும் இறைச்சிக்குமே உரியதெனக் கருதப்படும் இப்பறவை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மரபியல் ஆய்வாளர்களின் ஆசானாகவும் விளங்கி வந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் கோழி முதலிய வளர்ப்புப் பறவைகளின் எண்ணிக்கை 85 கோடியைக் கடந்துவிட்டது. ஆகவே, பறவைகளின் புற்றுநோய் மரபணுக்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு மாறி வந்தன என்னும் வினா ஆய்வுக்கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் அடங்கிவிடும் ஒன்றன்று. கோழிப் பண்ணையின் வரவு செலவோடும் அதற்குத் தொடர்பு உண்டு.

ரௌசின் கோழி

1909-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரிலிருந்த ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்திற்குப் பிளைமவுத் ராக் இனத்தைச் சேர்ந்த கோழி ஒன்று கொண்டுவரப்பட்டது. அதன் மார்பில் பெரிய கட்டியொன்று வளர்ந்திருந்தது. அங்குப் பணியாற்றிய இளம் நோய்க்குறியியல் அறிஞர் பெய்ட்டன் ரௌஸ், அக்கட்டியின் துண்டுகளை அதே இனத்தைச் சேர்ந்த வேறு கோழிகளின் உடலில் பதித்தார். அவற்றிலும் கட்டி வளர்ந்தது. அடுத்து அவர் செய்த சோதனையே வரலாற்றுச் சிறப்புடையது. கட்டியை அரைத்து, உயிரணு எதுவும் ஊடுருவ இயலாத நுண்வடிகட்டியின் வழியாகச் செலுத்தி, தெளிந்த அச்சாற்றை நலமுள்ள கோழிகளுக்கு ஊசி மூலம் ஏற்றினார். அவற்றிலும் கட்டி தோன்றியது. உயிரணுவைவிடச் சிறிய ஏதோ ஒரு பொருள், அதாவது வைரஸ், புற்றுநோயை உண்டாக்க வல்லது என்பது 1911-இல் இவ்வாறு நிறுவப்பட்டது.

இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1908-இல், டென்மார்க்கைச் சேர்ந்த எல்லர்மன், பாங் என்னும் இருவர் கோழிகளின் வெண்குருதி நோயை இதேபோல் வடிசாற்றின் மூலம் பரப்பிக் காட்டியிருந்தனர். ஆனால் அந்நாளில் வெண்குருதி நோயைப் புற்றுநோயின் வகையாக எவரும் எண்ணவில்லை. எனவே அவர்களது கண்டுபிடிப்பு உரிய கவனத்தைப் பெறாமலே போயிற்று. ரௌசின் கண்டுபிடிப்புக்கும் உடனடி வரவேற்புக் கிடைத்ததென்று சொல்ல இயலாது. கோழியில் காணப்பட்டதை மனிதனுக்குப் பொருத்திப் பார்க்க மருத்துவ உலகம் தயங்கியது. அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது 1966-இல். அப்போது அவருக்கு வயது 87. அறிவியலில் உண்மை நிலைபெற எடுத்துக்கொள்ளும் காலத்திற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

வைரசினுள் ஒளிந்திருந்த மரபணு

ரௌசின் பெயரால் வழங்கப்பட்ட அந்த வைரஸ், ஆர்.என்.ஏ. என்னும் மரபுப்பொருளைக் கொண்டது. உயிரணுவின் மரபுச் செய்தி எழுதப்பட்டிருப்பதோ டி.என்.ஏ.வில். டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. உருவாகும் என்பதே அந்நாளைய பாடம். அதன் தலைகீழ் வழியும் உண்டு, இவ்வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றிக் கோழியின் மரபுத்தொகுதிக்குள்ளேயே பதித்துவிடுகிறது என்று ஹோவர்டு டெமின் 1964-இல் கூறியபோது அதை ஏற்றோர் மிகச் சிலரே. இம்மாற்றத்தை நிகழ்த்தும் நொதியை 1970-இல் டெமினும் டேவிட் பால்ட்டிமோரும் தனித்தனியே கண்டறிந்தனர். அதன்பின் ஐயத்திற்கு இடமில்லாது போயிற்று. 1975-இல் இருவரும் டல்பெக்கோவுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அதே 1970-ஆம் ஆண்டை ஒட்டி மற்றோர் உண்மையும் புலப்பட்டது. வெப்பநிலையைச் சற்று உயர்த்தினால் புற்றாக்கும் ஆற்றலை இழந்து, குறைத்தால் அதை மீண்டும் பெறுகின்ற ரௌஸ் வைரஸ் வகை ஒன்றை ஸ்டீவன் மார்ட்டின் பிரித்தெடுத்தார். பெருகும் ஆற்றல் அவ்வகைக்கு எந்த வெப்பநிலையிலும் குறையவில்லை. வைரஸ் பெருகுவதற்குத் தேவையான மரபணுக்கள் வேறு, புற்றை உண்டாக்கும் மரபணு வேறு என்பது இதிலிருந்து விளங்கியது. இரண்டாவது மரபணுவுக்குச் 'சார்க்' என்று பெயரிட்டனர். வைரசின் வாழ்வுக்குச் சார்க் தேவையே இல்லை. தேவையற்ற ஒன்றை அது ஏன் சுமந்து திரிகிறது? எங்கிருந்து அதைப் பெற்றது?

கலிபோர்னியாவில் மைக்கேல் பிஷப், ஹெரால்டு வார்மஸ் ஆகியோர் தலைமையில் இயங்கிய குழு இவ்வினாவுக்கு 1976-இல் விடை கண்டது. சார்க் மரபணுவை இழந்துவிட்ட வைரஸ்களைத் துணையாகக் கொண்டு, அம்மரபணுவுக்கு மட்டுமே உரிய டி.என்.ஏ. இழையொன்றை அவர்கள் தயாரித்தனர். கதிரியக்க அடையாளமிட்ட அந்த இழையை, எந்த நோயுமற்ற கோழியின் டி.என்.ஏ.வுடன் கலந்தபோது அது தன் இணையைக் கண்டு பற்றிக்கொண்டது. நலமுள்ள கோழியின் மரபுத்தொகுதியிலேயே சார்க் இருந்தது!

இச்சோதனையின் பரிணாமச் சிறப்பு அடுத்த படியில்தான் உள்ளது. அதே இழையைக் காடை, வான்கோழி, வாத்து, ஈமு ஆகிய பறவைகளின் டி.என்.ஏ.வோடும் இணைத்துப் பார்த்தனர். எல்லாவற்றிலும் இணை கிடைத்தது. இணைந்த இரு இழைகளையும் சூடேற்றினால் அவை பிரியும். எழுத்துகள் எவ்வளவுக்கு ஒத்திருக்கின்றனவோ அவ்வளவுக்குப் பிரிக்கும் வெப்பமும் அதிகமாக வேண்டும். கோழியோடு இணைந்த இழை மிக உறுதியாக நின்றது. உறவு தொலைவாகத் தொலைவாக அவ்வுறுதி குறைந்து சென்று, ஈமுவிடம் மிகக் குறைவாயிற்று. பறவைகளின் குலமரத்தில் எந்தக் கிளை எப்போது பிரிந்தது என்று உடலமைப்பை வைத்து விலங்கியலார் வகுத்திருந்த வரிசையும் இதுவே. கோழியின் குலமும் ஈமுவின் குலமும் பிரிந்து ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை காலமும் இம்மரபணு எல்லாப் பறவைகளிலும் தொடர்ந்து காக்கப்பட்டு வந்திருக்கிறது என்றால், அது பறவைக்கே உரிய மரபணு. வைரஸ் அதைத் திருடிச் சென்றிருக்கிறது என்பதே முடிவு. வைரசின் பெருக்கத்திற்கு உரிய பிற மரபணுக்களைத் தேடியபோது, கோழியில் காணப்பட்ட அவை காடையிலும் வாத்திலும் காணப்படாததும் இம்முடிவை வலுப்படுத்தியது.

திருட்டுக்கு வேறு தடயங்களும் பின்னர் கிடைத்தன. கோழியின் சார்க் மரபணுவில், புரதத்திற்கான செய்தி பல துண்டுகளாகப் பிரிந்து, இடையிடையே பொருளற்ற பகுதிகள் அமைந்துள்ளன. உயர்நிலை உயிர்களின் மரபணுக்களுக்கு இது இயல்பு. வைரசின் சார்க்கில் அவ்விடைப் பகுதிகள் இல்லை. செப்பம் செய்யப்பட்ட ஆர்.என்.ஏ. நகலிலிருந்தே அது எடுக்கப்பட்டிருக்கிறது. பிஷப்பும் வார்மசும் 1989-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

பூட்டை இழந்த சாவி

சார்க் மரபணு உருவாக்கும் புரதம் ஒரு நொதி என்பது 1978-இலும், அது பிற புரதங்களின் டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின்மீது பாஸ்பேட்டைப் பொருத்துகிறது என்பது 1980-ஐ ஒட்டியும் தெரியவந்தன. உயிரணுவுக்கு வெளியிலிருந்து வரும் 'வளர்க', 'நகர்க' போன்ற கட்டளைகளை உள்ளே கொண்டு செல்லும் பணியில் இந்நொதிக்குப் பங்கு உண்டு. கட்டளை இல்லாதபோது அது உறங்கியிருக்க வேண்டும். கோழியின் சார்க் புரதம் 533 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. அதன் வால்பகுதியில் 527-ஆவது இடத்திலுள்ள டைரோசினில் பாஸ்பேட் பொருத்தப்படும்போது, வால் மடங்கி நொதியைப் பூட்டிவிடுகிறது. வைரஸ் திருடிச் சென்ற நகலில் இவ்வால்பகுதியே இல்லை. அதனிடத்தில் வேறு எழுத்துகள் அமைந்துள்ளன. பூட்டு இல்லாமையால் நொதி ஓயாது வேலை செய்கிறது. உயிரணுவும் ஓயாது பெருகுகிறது.

புற்றுநோய் மரபணு என்னும் பெயர், புற்றுநோயை உண்டாக்குவதற்கென்றே இயற்கை ஒரு மரபணுவைப் படைத்திருப்பது போன்ற மயக்கத்தைத் தருகிறது. உண்மை வேறு. சார்க் குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்கள் மனிதனிலும் எலியிலும் பழ ஈயிலும் உள்ளன. கடற்பஞ்சிலும், விலங்குகளுக்கு நெருங்கிய உறவான ஓரணு உயிர்களிலும் கூட உள்ளன. பல உயிரணுக்கள் ஒன்றுகூடி ஓர் உடலாக வாழ்வதற்கு வேண்டிய செய்திப் போக்குவரத்தே இவற்றின் தொழில். 1991-இல் சார்க் மரபணுவை நீக்கி எலிகளை உருவாக்கியபோது, அவற்றின் எலும்பு உரிய முறையில் கரைந்து புதுப்பிக்கப்படாமல் இறுகிப்போனது கண்டறியப்பட்டது. இத்தகைய மரபணுவை இயற்கைத் தேர்வு களைந்துவிட இயலாது. பயனும் இடரும் ஒரே மரபணுவில் பிணைந்திருக்கின்றன.

சார்க்கைத் தொடர்ந்து, கோழிகளின் பல்வேறு வைரஸ்களிலிருந்து வேறு மரபணுக்களும் ஒவ்வொன்றாக வெளிவந்தன: மிக், மிப், எர்ப்-ஏ, எர்ப்-பி, எட்ஸ், ஜுன், கிரிக் முதலியன. ஜுன் என்னும் பெயர், 17-ஆம் எண்ணுடைய கோழி வைரசில் அது கிடைத்ததால், பதினேழைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. எர்ப்-பியின் கதை மருத்துவத்திற்கு நேரடியாகப் பயன்பட்டது. மேற்றோல் வளர்ச்சிக் காரணியை உயிரணுவின் மேற்பரப்பில் ஏற்கும் ஏற்பியின் வெட்டுண்ட வடிவமே எர்ப்-பி என்பது 1984-இல் தெரிந்தது. மனிதனின் நுரையீரல் புற்றுநோய் சிலவற்றில் அதே ஏற்பி கட்டுக்கடங்காமல் இயங்குகிறது. அதைத் தடுக்கும் ஜெஃபிட்டினிப் என்னும் மாத்திரை 2002-இல் ஜப்பானில் முதன்முதலாக ஒப்புதல் பெற்றது. கோழிக்கூட்டில் தொடங்கிய ஆய்வு மனிதனின் மருந்துச் சீட்டில் வந்து நின்றதற்கு இடைப்பட்ட காலம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு. உடனடிப் பயன் தராத ஆய்வுக்கு நிதி ஒதுக்கத் தயங்குவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

பண்ணையில் நிகழ்வது

ரௌஸ் வைரஸ் ஆய்வுக்கூடத்தால் காப்பாற்றப்பட்டு வந்த அரிய விபத்து. தான் குடியேறிய கோழியைச் சில வாரங்களில் கொன்றுவிடும் வைரஸ் பண்ணையில் நெடுங்காலம் நிலைத்திருக்க இயலாது. பண்ணைகளில் உண்மையில் உலவும் கோழி வெண்குருதி வைரஸ்களில் திருடப்பட்ட மரபணு எதுவும் இல்லை. இருந்தும் அவை மெதுவாகப் புற்றுநோயை விளைவிக்கின்றன. எவ்வாறு? அவ்வைரஸ் கோழியின் மரபுத்தொகுதியில் எங்கு வேண்டுமானாலும் பதியக்கூடும். அரிதாக மிக் மரபணுவின் அருகே பதிந்துவிட்டால், வைரசின் ஊக்கிப் பகுதி மிக்கை இடைவிடாது முடுக்கிவிடுகிறது என்று 1981-இல் ஹேவர்டும் உடனாய்வாளர்களும் காட்டினர். கோழியின் எச்சத்துவாரத்தருகே உள்ள பர்சா என்னும் நோய்த்தடுப்புப் பையில் தொடங்கும் இப்புற்று, நான்கு மாதங்களுக்குப் பிறகே, அதாவது கோழி முட்டையிடத் தொடங்கும் பருவத்தில், வெளிப்படுகிறது. தீவனச் செலவு முழுவதும் செய்யப்பட்டு வருவாய் தொடங்கும் வேளையில் கோழி மடிவது உழவனுக்கு இரட்டை இழப்பு.

இவ்வைரஸ்களுள் சில, பழங்காலத்தில் கருவணுக்களில் பதிந்து, தாய்தந்தையரிடமிருந்து குஞ்சுகளுக்கு மரபணுவைப் போலவே வழிவழியாக இறங்கி வருகின்றன. கோழியின் முன்னோரைத் தேடுவதற்கும் இவை உதவின. சிவப்பு, சாம்பல், இலங்கை, பச்சை எனக் காட்டுக்கோழிகளில் நான்கு இனங்கள் உள்ளன. வீட்டுக்கோழியின் மரபில் பதிந்துள்ள இவ்வைரஸ் வரிசைகளை நான்கிலும் தேடியபோது, அவை சிவப்புக் காட்டுக்கோழியில் காணப்பட்டன. மற்ற மூன்றில் காணப்படவில்லை என்று 1979-இல் ஓர் ஆய்வு அறிவித்தது. காட்டுக்கோழி இனங்கள் பிரிந்த பிறகே இவ்வைரஸ் சிவப்புக் காட்டுக்கோழியின் மரபில் குடியேறியிருக்க வேண்டும் என்பது இதன் பொருள். சிவப்புக் காட்டுக்கோழி நம் நாட்டின் இமயமலை அடிவாரத்திலும் வடகிழக்கிலும், சாம்பல் காட்டுக்கோழி தீபகற்பப் பகுதியிலும் வாழ்பவை. இயற்கையே அமைத்து வைத்த இந்த ஒப்பீட்டு ஆய்வுக்கூடத்தின் இரு பகுதிகள் நம் காடுகளிலேயே இருப்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ளலாம். மற்றொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு வடிவம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008-இல் தெரியவந்தது. ஆக, முன்னோர் ஒருவரே என்று அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை.

மரபில் பதிந்த வைரஸ் ஒன்று குஞ்சு பொரிப்பகத்தின் அன்றாட வேலையிலும் குறுக்கிடுகிறது. ஒரு நாள் குஞ்சுகளின் சிறகில் இறகு முளைக்கும் வேகத்தைப் பார்த்துச் சேவல் எது, பெட்டை எது எனப் பிரிக்கும் வழக்கம் உண்டு. இறகு மெதுவாக வளரச் செய்யும் மரபணுவை ஒரு வழியில் புகுத்தி இவ்வேறுபாட்டை உண்டாக்குகின்றனர். வெள்ளை லெகார்ன் இனத்தில் அம்மரபணுவோடு ஒட்டியே ஒரு பழைய வைரசும் பதிந்துள்ளது. அதைச் சுமக்கும் தாய்க்கோழியின் குஞ்சுகள், வெளியிலிருந்து வரும் வெண்குருதி வைரசை அயலானாகக் கண்டு எதிர்க்கும் திறனில் குன்றிவிடுகின்றன. வசதிக்காகத் தேர்ந்தெடுத்த ஒரு பண்பு, கேளாமலே மற்றொன்றையும் கூட அழைத்து வந்திருக்கிறது.

1988-இல் இங்கிலாந்தில் இறைச்சிக் கோழிகளிடையே புதிய வகை வெண்குருதி வைரஸ் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. ஜே-வகை எனப்படும் அது, 1990-களில் பல நாடுகளின் இறைச்சிக் கோழித் தாய்ப்பண்ணைகளைப் பெரிதும் பாதித்தது. இது உயிரணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் கதவு, கோழியின் உயிரணுப் படலத்திலுள்ள ஒரு புரதம். அப்புரதத்தின் 38-ஆவது இடத்திலுள்ள டிரிப்டோபான் என்னும் ஒரே ஓர் அமினோ அமிலம் வைரசுக்குத் திறவுகோலாகிறது. காடையில் அவ்விடத்தில் அது இல்லை. அதை ஜே-வகை தொற்றுவதில்லை. 2020-இல் செக் நாட்டு அறிஞர்கள் கோழியின் மரபணுவில் அவ்வொரு இடத்தை மட்டும் நீக்கி, நோய் தொற்றாத கோழிகளை உருவாக்கிக் காட்டினர்.

மாரெக் நோயும் தடுப்பூசியின் மறுபக்கமும்

நம் நாட்டுப் பண்ணையாளர்களுக்கு நன்கு அறிமுகமான கோழிப் புற்றுநோய் மாரெக் நோயே ஆகும். புடாபெஸ்டைச் சேர்ந்த யோசெஃப் மாரெக் 1907-இல் சில சேவல்களின் கால் முடங்கியதை விவரித்தார். அந்நாளில் அது நரம்பு நோயாகவே கருதப்பட்டது. கோழி வளர்ப்பு பெருந்தொழிலாகி, ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரே கூரையின்கீழ் அடைக்கப்பட்ட பிறகு, அந்நோய் ஈரல், மண்ணீரல், சூலகம் ஆகியவற்றில் கட்டிகளை உண்டாக்கும் கொள்ளைநோயாக உருமாறியது. ஹெர்ப்பிஸ் குடும்பத்து வைரஸ் ஒன்றே காரணம் என 1967-இல் இங்கிலாந்தில் சர்ச்சில், பிக்ஸ் ஆகியோர் கண்டறிந்தனர். இறகின் வேர்ப்பையில் முதிர்ந்து, உதிரும் தோல்துகளோடு கலந்து, தூசி வழியாக இவ்வைரஸ் பரவுகிறது. மனிதரை இது தொற்றுவதில்லை.

வான்கோழிகளில் தீங்கின்றி வாழும் ஓர் உறவு வைரசைக் கொண்டு செய்த தடுப்பூசி 1970-ஐ ஒட்டி நடைமுறைக்கு வந்தது. எந்த உயிரினத்திலும் புற்றுநோய்க்கு எதிராகப் பரவலாகப் பயன்பட்ட முதல் தடுப்பூசிகள் மாரெக் நோய்க்கானவையே. முட்டையிலிருந்து வெளிவந்த அன்றே குஞ்சின் கழுத்துத் தோலுக்கடியில் இதைச் செலுத்துவது இன்று குஞ்சு பொரிப்பகங்களில் வழக்கமாகிவிட்டது. இழப்பு வெகுவாகக் குறைந்தது. எனினும் கதை அத்துடன் முடியவில்லை.

இத்தடுப்பூசி நோயைத் தடுக்கிறது; தொற்றைத் தடுப்பதில்லை. ஊசி போடப்பட்ட கோழி கட்டியின்றி வாழ்கிறது, ஆனால் வைரசைச் சுமந்து வெளியிட்டுக்கொண்டும் இருக்கிறது. மிகக் கொடிய வைரஸ் வகை, காப்பற்ற கோழியைப் பத்து நாட்களை ஒட்டியே கொன்றுவிடுவதால் தானும் பரவ வழியின்றி அழிந்துபோகும். காப்புள்ள கோழியிலோ அது பல வாரங்கள் வாழ்ந்து பரவுகிறது. 2015-இல் ஆண்ட்ரு ரீடு குழுவினர் சோதனை மூலம் இதை மெய்ப்பித்தனர். 1970-க்குப் பின் மாரெக் வைரஸ் படிப்படியாகக் கொடுமை மிகுந்து வந்ததும், முதல் தடுப்பூசி போதாமல் இரண்டாவது, மூன்றாவது வகைகள் சேர்க்கப்பட்டதும் இதனோடு பொருந்துகின்றன. இதிலிருந்து தடுப்பூசியே கூடாது என்று முடிவு கட்டுவது பெருந்தவறு. அதை நிறுத்தினால் பண்ணையே எஞ்சாது. ஊசி போட்டுவிட்டோம் என்ற துணிவில் கொட்டகைத் தூசியை அகற்றாமலும், பழைய கூட்டத்தையும் புதிய குஞ்சுகளையும் ஒருங்கே வைத்தும் நடத்தும் பழக்கமே தவறு என்பதே இவ்வாய்விலிருந்து கொள்ளத்தக்கது. குஞ்சு முதல் நாளில் ஊசி பெற்றாலும் காப்பு உருவாகச் சில நாட்கள் ஆகும். தொற்று அதற்குள் முந்திவிடலாகாது.

இவ்வைரசின் புற்றாக்கும் மரபணு 'மெக்' எனப்படுவது. 1992-இல் கண்டறியப்பட்ட அது, கோழியின் ஜுன் மரபணுக் குடும்பத்தை ஒத்த அமைப்புடையது. மெக் புரதம் கோழியின் ஜுன் புரதத்தோடு கைகோத்து, உயிரணுவின் பிற மரபணுக்களை இயக்குகிறது. கொடிய வைரஸ் வகைகளின் மெக் மரபணுவில் குறிப்பிட்ட மாற்றங்கள் திரண்டிருப்பதும் தெரிந்துள்ளது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, அகழ்வாய்வில் கிடைத்த பழங்காலக் கோழி எலும்புகளிலிருந்தே மாரெக் வைரசின் மரபுத்தொகுதியை மீட்டது. ஐரோப்பாவிலும் அண்மைக் கிழக்கிலும் கிடைத்த ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கால எலும்புகள் அவை. பழைய வைரசின் மெக் மரபணுவை ஆய்வுக்கூடத்தில் மீண்டும் உருவாக்கிச் சோதித்தபோது, இன்றைய மெக்கின் ஆற்றல் அதற்கு இல்லை. அக்காலக் கோழிகள் இவ்வைரசைப் பெருந்தீங்கின்றிச் சுமந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஒரு புற்றுநோய் மரபணு வலிமை பெற்று வந்த வரலாறு இவ்வளவு தெளிவாகக் கிடைத்திருப்பது அரிது.

கோழியின் பக்கமும் வாளாவிருக்கவில்லை. அதன் நோய்த்தடுப்பு மரபணுத் தொகுதியாகிய பி-தொகுதியில் 21 என்னும் வகையை உடைய கோழிகள் மாரெக் நோயைப் பெரிதும் தாங்குகின்றன. 19 என்னும் வகையை உடையவை எளிதில் மடிகின்றன. தாங்குந்திறன் மரபுவழி வருவது என்பதால், இனத்தேர்வின் மூலம் அதைப் பெருக்க இயலும்.

பறவைக் குலம் முழுவதையும் நோக்குகையில்

2004-இல் சிவப்புக் காட்டுக்கோழியின் மரபுத்தொகுதி படிக்கப்பட்டது. அது ஏறத்தாழ 100 கோடி எழுத்துகள் கொண்டது. மனிதனுடையதில் மூன்றில் ஒரு பங்கு. 2014-இல் 48 பறவையினங்களின் தொகுதிகள் ஒப்பிடப்பட்டன. அவ்வாண்டிலேயே, பிற முதுகெலும்பிகளில் உள்ள 274 மரபணுக்கள் பறவைகளில் இல்லை என்று ஓர் அறிக்கை கூறியது. ஆனால் அவற்றுள் பல, படிப்பதற்குக் கடினமான எழுத்துச் செறிவுள்ள நுண்குரோமோசோம்களில் மறைந்திருந்தன எனப் பின்னர் தெரிந்தது. ஒரு மரபணு இல்லை என்று சொல்வதற்கு முன் மும்முறை தேட வேண்டும் போலும்.

இருப்பினும் சில இழப்புகள் உறுதியானவை. மனித உயிரணு அளவின்றிப் பெருகாமல் தடுக்கும் காவலர்களுள் முதன்மையானது பி-16 என்னும் புரதம். கோழியில் அது இல்லை என்றும், அதே இடத்திலிருந்து உருவாகும் ஆர்ஃப் என்னும் மற்றொரு காவலரும் குறுகிய வடிவிலேயே உள்ளது என்றும் 2003-இல் நிறுவப்பட்டது. காவலர் குறைந்தால் கள்வர் பெருக வேண்டுமல்லவா? ஆயினும் வளர்ப்பு ஊடகத்தில் கோழி உயிரணுக்கள் தாமாகவே சாகாநிலை பெறுவது எலி உயிரணுக்களைவிட மிகமிக அரிது. பாலூட்டிகளோடு ஒப்பிடுகையில் பறவைகளில் புற்றுநோய் பொதுவாகக் குறைவு என்பதையும் விலங்குக் காட்சியகப் பதிவேடுகள் காட்டுகின்றன. ஒரே பணியைப் பறவைகள் வேறு காவலர்களிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். யானை தன் பி-53 காவல் மரபணுவை 20 நகல்களாகப் பெருக்கிக்கொண்டது போலப் பறவைகள் எதனைச் செய்தன என்பதே இத்துறையில் இன்று ஆராயப்படும் வினா.

2024-இல் நூற்றுக்கு மேற்பட்ட பறவையினங்களை ஒப்பிட்ட ஆய்வொன்றில், ஓர் ஈட்டில் அதிக முட்டையிடும் இனங்களில் புற்றுநோய் மிகுதியாக இருக்கும் போக்கு தென்பட்டது. உடலின் பருமனுக்கும் ஆயுளுக்கும் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. இனப்பெருக்கத்திற்குச் செலவிடும் ஆற்றலை உடலைச் செப்பனிடுவதற்குச் செலவிட இயலாது என்னும் பரிணாமக் கொள்கையோடு இது இசைகிறது.

முட்டைக்கோழியைக் கொண்டு இதை விளக்கலாம். சிவப்புக் காட்டுக்கோழி ஓர் அடைக்கு ஐந்தாறு முட்டைகளே இடும். இன்றைய கலப்பின முட்டைக்கோழி ஆண்டுக்கு 300-க்கும் மேல் இடுகிறது. ஒவ்வொரு முட்டைக்கும் சூலகத்தின் மேற்பரப்பு கிழிந்து ஆற வேண்டும். முதிர்ந்த முட்டைக்கோழிகளில் சூலகப் புற்றுநோய் தானாகவே மிகுதியாகத் தோன்றுகிறது. பெண்களின் சூலகப் புற்றுநோயை ஆராய்வதற்கு இயற்கையாகக் கிடைத்த சிறந்த விலங்காகக் கோழி கொள்ளப்படுவதும் இதனாலேயே. பண்ணைக் கோழிகள் ஒன்றரை ஆண்டிலேயே கழிக்கப்படுவதால் இந்நோய் பண்ணையாளர் கண்ணில் படுவதில்லை. முட்டையிடும் காலத்தை நீட்டி, ஒரே கோழியிடமிருந்து 500 முட்டை பெறுவதை இனப்பெருக்க நிறுவனங்கள் இப்போது இலக்காகக் கொண்டுள்ளன. அவ்விலக்கு நெருங்க நெருங்க, இதுவரை மறைந்திருந்த கணக்கும் வெளிப்படக்கூடும்.

2023-24-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 14,277 கோடி முட்டைகள் உற்பத்தியாயின. ஆந்திரப் பிரதேசமும் தமிழ்நாடும் முன்னணியில் நின்றன. 1979-இல் இஜ்ஜத் நகரில் நிறுவப்பட்ட மத்திய பறவையியல் ஆராய்ச்சி நிலையமும், ஐதராபாதிலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககமும் அசீல், கடக்நாத் முதலிய நாட்டினங்களைப் பேணியும் மேம்படுத்தியும் வருகின்றன. வணிகக் கலப்பினங்கள் மிகச் சில தூய வழிகளிலிருந்து பெறப்படுபவை. அவ்வழிகளில் இல்லாத தாங்குந்திறன் வடிவங்களைப் பிறகு தேடிப் பெற வேறிடம் இருக்காது. கிராமத்துப் புறக்கடைகளில் தலைமுறை தலைமுறையாக நோயோடு வாழ்ந்து பழகிய கோழிகளின் பி-தொகுதி வகைகளையும், வைரஸ் நுழையும் கதவுப் புரதங்களின் வடிவங்களையும் மாவட்டந்தோறும் பதிவு செய்வது அதிகப் பொருட்செலவு பிடிக்கும் பணியன்று. இறகொன்றின் அடிக்காம்பிலிருந்தே அதற்கு வேண்டிய டி.என்.ஏ.வைப் பெறலாம். கலப்பினச் சேவல்களைக் கிராமங்களுக்கு வழங்கும் திட்டங்கள் விரிவடையும் முன்பே அப்பதிவு முடிந்தாக வேண்டும். கலந்த பின் எது பழையது, எது புதியது எனப் பிரித்தறிவது எளிதன்று.